ரொட்டி வீச ஒரு கல்

என் கணவர் சிங்கப்பூரில் ஓர் உணவுக்கடையில் இருபத்திரண்டு வருடம் ரொட்டி போட்டார். அங்கே அதைப் பரோட்டா என்பார்கள், மலேசியாவில் எங்கள் பத்து பாகாட்டில் ரொட்டி சானாய். பெயர்தான் வேறு, மாவு ஒன்றே என்பார் அவர். வாரத்தில் ஆறு நாள் அங்கே தங்குவார், ஒரு நாள் வீட்டுக்கு வருவார். வந்த நாளில் தூங்குவார், சாப்பிடுவார், மறுபடியும் தூங்குவார், பஸ் ஏறுவார். அந்த ஒரு நாளில் ஒருதடவைகூட அவர் வீட்டில் ரொட்டி போட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நாள் முழுக்க நான் தொழிற்சாலையில் சட்டைகளில் குறை பார்த்துவிட்டு வருகிறேன், வீட்டுக்கு வந்தபிறகு யாராவது சட்டையைக் காட்டி இது எப்படியிருக்கிறது என்று கேட்டால் எனக்கும் எரிச்சல்தான் வரும்.

வலது தோள்பட்டை அவருக்குத் தொல்லை கொடுக்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். முதல் இரண்டு வாரம் தூக்கம். மூன்றாவது வாரம் ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, அடுப்பங்கரையில் நின்றுகொண்டு அடுப்பு மேடையைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷமா இதுலயா சமைச்ச?"

"ஏன், உங்களுக்குச் சோறு வரலையா?"

"அதுக்கில்லம்மா. இங்க பாரு, கோடு கோடா இருக்கு. இதுல மாவு வச்சா பூரா கோட்டுக்குள்ள போயிடும்."

எங்களுடையது பழைய வரிசை வீடு. கட்டிக்கொடுத்தபோதே சிமெண்டு மேடை போட்டு அதன்மேல் வெள்ளை ஓடு பதித்துக் கொடுத்திருந்தார்கள். ஓடுகளுக்கு நடுவிலுள்ள கோடுகள் ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்தன. மஞ்சள் தூளும் மிளகாய்ச் சம்பலும் சேர்ந்து அவற்றை வேறொரு நிறமாக்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பல் துலக்கும் பிரஷை வைத்துத் தேய்ப்பேன். ஒரு மூலையில் இரண்டு ஓடு விரிசல் விட்டிருந்தது. அவர் சொன்னது சரிதான். ஆனால் இருபத்திரண்டு வருடம் கழித்து வந்து முதல் மாதத்திலேயே சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"வீட்டுல ரொட்டி போடணும்னு ஆசையா இருக்கு. ஒரே கல்லு, நடுவுல ஒட்டு இல்லாம. அது போதும் எனக்கு," என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வீட்டுக்கென்று கேட்ட முதல் பொருள் அது. சரியென்றேன்.

ஊரைத் தாண்டிப் போகும் சாலையில் ஒரு சமையலறைக் கேபினட் கடை இருந்தது. தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஐம்பது வயதுச் சீனர். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டு வார்த்தை: அண்ணே, அக்கா. மற்றதெல்லாம் மலாயில்தான் பேசிக்கொண்டோம்.

"அண்ணே, அஞ்சு வகை இருக்கு," என்று ஐந்து துண்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கிரானைட். குவார்ட்ஸ், அது கல்தூளையும் பசையையும் அழுத்திச் செய்வது. பிளாஸ்டிக் மாதிரி வழவழவென்று சாலிட் சர்ஃபேஸ் என்று ஒன்று. சூளையில் சுட்ட மெல்லிய பலகை ஒன்று. கடைசியாக எவர்சில்வர் தகடு.

கணவர் எவர்சில்வரை எடுத்து விரலால் தட்டினார். அது டங்கென்றது. "இது வேணாம். இருபத்திரண்டு வருஷம் இந்தச் சத்தத்தக் கேட்டாச்சு," என்று திருப்பி வைத்தார். நான்காகக் குறைந்தது.

அந்த நேரம் பார்த்து ஜொகூர் பாருவில் வேலை செய்யும் எங்கள் மகளைக் கைப்பேசியில் வீடியோவில் கூப்பிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

"ம்மா, வெள்ள எடு. வெள்ளையில சாம்பல் கோடு ஓடுமே, ஹோட்டல்ல இருக்குமே, அது. ஃபோட்டோல அழகா இருக்கும் லா."

"சமைக்கப் போறது நானா ஃபோட்டோவா?"

"அப்பாவக் கேளு."

அப்பா கைப்பேசிப் பக்கம் திரும்பவே இல்லை. சுட்ட பலகையைக் கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். தவுக்கே எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நான்கு துண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், திரும்பக் கொண்டுவந்து கொடுங்கள் என்றார்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் என் வேலை, தைத்து முடிந்த சட்டைகளில் குறை கண்டுபிடிப்பது. ஊசி ஓட்டை, எண்ணெய்ப் பொட்டு, நிற வித்தியாசம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். என் கண்ணுக்குத் தப்பித்து ஒரு கறை வெளியே போகாது. அதனால் கல் விஷயத்தில் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து நான்கு கல்லையும் வைத்தேன். ஒவ்வொன்றிலும் நான்கு பொட்டு: மஞ்சள் கரைசல், பீட்ரூட் சாறு, சம்பல், எண்ணெய். எல்லாவற்றையும் டம்ளரால் மூடி ஒருநாள் அப்படியே விட்டேன்.

மறுநாள் துடைத்தால், வழவழப்பானதில் மஞ்சள் ஏறியிருந்தது. அழுத்தித் தேய்த்ததும் போனது, ஆனால் மினுமினுப்பும் அதோடு போனது. கிரானைட்டில் எண்ணெய் வைத்த இடம் கறுத்துப்போய் அன்று சாயங்காலம்வரை போகவில்லை. குவார்ட்ஸிலும் சுட்ட பலகையிலும் ஒன்றும் இல்லை. கையோடு தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ஸ்டிக்கரை வழவழப்பானதில் ஒன்றும் கிரானைட்டில் ஒன்றுமாக ஒட்டினேன்.

கணவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். "உன் சோதன முடிஞ்சுதா? இப்ப என் சோதன."

காலையிலேயே மாவு பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊற வைத்திருந்தார். அதை நான் கவனிக்கவில்லை. கல்லோ உள்ளங்கை அகலம். ஒரு ரொட்டிக்கு வேண்டிய இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் என்ன செய்தாரென்றால், நெல்லிக்காய் அளவுக்கு மாவைக் கிள்ளி, கல்லில் எண்ணெய் தடவி, இரண்டு விரலால் தட்டி, இரண்டு விரலால் வீசி, சுருட்டி, கட்டை விரலால் அமுக்கினார். மூஞ்சியில் சிரிப்பே இல்லை. கடையில் முந்நூறு பேருக்குப் போடும்போது எப்படி இருந்திருப்பாரோ அப்படியே நின்று போட்டார். சுட்டு எடுத்தால் பிஸ்கட் அளவு இருந்தது. அடுக்கு அடுக்காகப் பிரிந்தும் இருந்தது.

மூன்று ரொட்டியைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கல்லுல போட்டது. எது நல்லா வந்திருக்கு, சொல்லு."

முதலாவதைத் தின்றேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் தின்றேன். கறை பார்க்கும் கண் இருப்பவளுக்கு நாக்கும் இருக்கவேண்டாமா? நன்றாக மென்று யோசித்து, "ரெண்டாவது. கொஞ்சம் மெத்துன்னு இருக்கு. மொதலாவது வரட்டு வரட்டுன்னு இருக்கு. மூணாவது நடுத்தரம்," என்றேன்.

"மூணுமே ஒரே கல்லு."

தட்டைக் கழுவி வைத்தேன். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் அவர் இந்தக் கதையை வேலிக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி சொல்லிச் சிரித்தார். அந்த அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

எனக்கும் ஒரு காலம் வந்தது. மூன்றாவது நாள் துணி துவைக்கப் போட்டேன். மெஷினுக்குள்ளிருந்து தடதடவென்று ஒரு சத்தம். பெல்ட் அறுந்துவிட்டதோ என்று பயந்து நிறுத்தித் திறந்து பார்த்தால், அவருடைய அரைக்கால் சட்டைப் பைக்குள் குவார்ட்ஸ் துண்டு. எடுத்துத் துடைத்தேன். வெள்ளைக் கல்லின் நடுவில் பழுப்பாகப் பிறை மாதிரி ஒரு தழும்பு. மெஷினில் சுற்றியும் அது போகவில்லை.

கல்லைக் கையில் வைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

பேப்பரை இறக்காமலே, "என்னது?" என்றார்.

"உங்க பாக்கெட்டுல குளிச்சிட்டிருந்துச்சு."

பேப்பர் மெதுவாக இறங்கியது. "சூடு தாங்குதான்னு பாத்தேன். அடுப்புல இருந்து ரொட்டிக் கல்ல எடுத்து அதுமேல வச்சேன். கொஞ்ச நேரந்தான்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு ஃபோன் பேசி முடிக்கிற நேரம்."

அதன்மேலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். மிச்சமிருந்த சுட்ட பலகைக்கு வேறு கதி. அது அவர் கையிலிருந்து தரையில் விழுந்து ஒரு முனை சில்லாகப் பெயர்ந்துபோனது. ஆக ஒரு வாரத்தில் நான்கு துண்டையும் நாங்கள் பாழாக்கிவிட்டோம். திருப்பிக் கொடுக்கவேண்டியவை அவை.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனபோது அவர் என் பின்னாலேயே வந்தார். தவுக்கே பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஸ்டிக்கர்களைப் பார்த்தார். பழுப்புத் தழும்பைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பெயர்ந்த முனையைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க என்ன வேல பாத்தீங்க?"

"ரொட்டி போட்டேன். சிங்கப்பூர்ல."

தவுக்கே கோபித்துக்கொள்ளவில்லை. துண்டுகளைப் பாழாக்காமல் திருப்பித் தருபவர்கள்தான் கடைசியில் வந்து சண்டை போடுவார்கள் என்றார். கிரானைட் சூடு தாங்கும், எண்ணெய் ஊறாமலிருக்க மேலே ஒரு பூச்சு பூசித் தருகிறேன், வருடத்துக்கு ஒருதடவை நீங்களே பூசிக்கொள்ளலாம் என்றார். கடையின் நடுவில் காட்சிக்கு வைத்திருந்த மாதிரி மேடையிலும் கிரானைட்தான் போட்டிருந்தது, ஒட்டில்லாத ஐந்தடிக் கல். கணவர் அதன் பக்கத்தில் போய் இரண்டு உள்ளங்கையையும் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"போட்டுப் பாக்கலாமா?"

தவுக்கேவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையாட்டினார். "போலே, போலே," என்றார், தாராளமாகப் போடலாமென்று.

வீட்டுக்குப் போய் மாவு பிசைந்து எடுத்துவருவார் என்று நினைத்தேன். காரின் பின்பக்கம் திறந்தார். மூடி போட்ட டப்பாவில் பன்னிரண்டு உருண்டை, எண்ணெயில் ஊறிக்கொண்டு தயாராக இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சட்டைக் கையை மடித்துவிட்டு, கல்லில் எண்ணெய் தெளித்துத் தடவி, முதல் உருண்டையைத் தட்டினார். பிறகு தூக்கி வீசினார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறது. அவர் ரொட்டி வீசி நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. வீட்டில் செய்தது விரல் விளையாட்டு. இது வேறு. மாவு காற்றில் சுழன்று விரிந்து, துணி மாதிரி கல்லில் படிந்தது. கீழே கிரானைட்டின் புள்ளிகள் தெரிந்தன. நான் துணி பார்ப்பவள், அந்த மெல்லிசில் ஒரு ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கேபினட் கதவு பார்க்க வந்திருந்த ஒரு சீனத் தம்பதி கதவை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்தார்கள். தவுக்கே கைப்பேசியை எடுத்து வீடியோ பிடித்தார்.

மடித்துச் சதுரமாக்கிக் கையில் எடுத்த பிறகுதான் கணவர் அடுப்பைத் தேடினார். மாதிரி மேடையில் பளபளவென்று ஓர் அடுப்பு இருந்தது. கீழே திறந்தால் கேஸும் இல்லை, குழாயும் இல்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அடுப்பு சும்மா காட்சிக்கு," என்றார் தவுக்கே. பிறகு பின்னறைக்கு ஓடி, அவர்கள் வீட்டில் ஸ்டீம்போட் சூப் வைக்கும் சின்ன கேஸ் அடுப்பையும் ஒரு சட்டியையும் எடுத்துவந்தார். அதில் சுட்ட ரொட்டியைச் சுடச்சுடப் பிய்த்து எல்லோரும் தின்றோம். குழம்பு இல்லை. அந்தத் தம்பதியில் கணவன் காரிலிருந்து ஒரு கொண்டன்ஸ்ட் மில்க் டின்னை எடுத்துவந்தான்.

நான்காவது ரொட்டிக்குத் தூக்கிய கை பாதியில் நின்றது. அவர் உருண்டையைக் கல்லில் வைத்துவிட்டு, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். முகம் மாறிவிட்டது. மற்றவர்கள் தின்பதில் இருந்தார்கள், அதனால் நான் மட்டும்தான் பார்த்தேன்.

பக்கத்தில் போய், "வலிக்குதா?" என்றேன்.

"கல்லு நல்ல கல்லுதான்," என்றார் மெதுவாக. "உயரம் சரியில்ல. கடையில என் மேச இதவிடக் கீழ இருக்கும். இதுல தோள ஏத்திக்கிட்டே வீச வேண்டியிருக்கு."

அதைக் கேட்ட தவுக்கே அளவு டேப்பை எடுத்துவந்தார். கணவரைக் கையை மடக்கி நிற்கச் சொல்லி, முழங்கையிலிருந்து தரைவரை அளந்தார். வழக்கமான மேடை இவருக்கு இரண்டு அங்குலம் குறையவேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்களும் நில்லுங்க."

"எனக்கெதுக்கு?"

"சமைக்கிறது யாரு?"

நின்றேன். என் கணவரின் நெஞ்சளவுதான் நான் இருப்பேன். அளந்து பார்த்துவிட்டுத் தவுக்கே, "உங்களுக்கும் குறைக்கணும், ரெண்டு அங்குலமாவது. வழக்கமான மேட உங்களுக்கு ரொம்ப உயரம். வெங்காயம் வெட்டினா கழுத்து வலிக்குமே?" என்றார்.

வலிக்கும்தான். தொழிற்சாலையில் நாளெல்லாம் குனிந்து சட்டை பார்ப்பதால் வருகிறது என்று நினைத்திருந்தேன். கடையில் விற்கும் தைலம் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் தேய்த்திருக்கிறேன். வீடு கட்டியவன் வைத்த உயரத்தில்தான் சமைக்கவேண்டும், அதை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கணவர் என்னைப் பார்த்தார்.  நான்காவது ரொட்டியை அவர் போடவில்லை. மீதி உருண்டைகளை டப்பாவில் போட்டு மூடினார்.

கிரானைட் என்று முடிவானது. பிறகு நிறம். மகள் வெள்ளை வெள்ளை என்று மூன்று நாள் செய்தி அனுப்பினாள். கணவர் கறுப்பு என்றார், கறை தெரியாது என்று. "கறை தெரியணும்," என்றேன் நான். "தெரியாத கறை மேல நான் எப்படிச் சமைப்பேன்?" கடைசியில் வெளிர்சாம்பலில் பொடிப்பொடியாய்ப் புள்ளி உள்ளது என் கண்ணுக்குச் சரியாகப் பட்டது. முழுப் பலகையைப் பார்க்கவேண்டும் என்று தவுக்கேயின் கல் கொட்டகைக்கே போனேன். எட்டரை அடிப் பலகை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணை ஓட்டிக்கொண்டு போனேன். ஓர் ஓரத்தில், துருப்பிடித்த மாதிரி ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்புக் கோடு.

"இது என்ன?" என்று விரலை வைத்தேன்.

தவுக்கே கோட்டைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். "அக்கா, இது கல்லு. சட்டை இல்ல."

சிவப்பு ஸ்டிக்கர் கைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் ஒருதடவை பார்த்தேன். பார்க்கப் பார்க்க அந்தக் கோடு ஒன்றும் மோசமாக இல்லை.

பழைய மேடையை முந்தின வாரமே இடித்து இரண்டு அங்குலம் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். கல் வந்த நாள் வெள்ளிக்கிழமை. நான் விடுப்பு எடுத்திருந்தேன். பத்தரைக்கு மேல் ராகு காலம், கொஞ்சம் முன்பின்னாக வரமுடியுமா என்று தயங்கித் தயங்கி ஃபோனில் கேட்டேன். "தெரியும் அக்கா, ஒன்பது மணின்னே எழுதி வச்சிருக்கேன்," என்றார் தவுக்கே. சொன்னபடி ஒன்பதுக்கு லாரி வந்தது. ஆனால் கல் உள்ளே வரவில்லை. முன்வாசலில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்பங்கரைக்குத் திரும்பும் இடத்தில் எட்டரை அடி திரும்பாது. வேலையாட்கள் இரண்டு பேர் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள்.

"நடுவுல வெட்டினா ஈசியா போயிடும்," என்றான் ஒருவன்.

"வெட்டக் கூடாது," என்று கணவரும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பின்சந்து வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, அடுப்பங்கரை ஜன்னலின் இரும்புக் கம்பிச் சட்டத்தைக் கழற்றி, ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார்கள். கணவர் தோள் கொடுக்கப் போனார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவின் கணவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஒரு முனையைப் பிடித்தார். மேடையில் கல் உட்கார்ந்தபோது மணி பத்து இருபத்தைந்து. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓட்டை போட்டதில் வீடெல்லாம் தூசி பறந்து, இரண்டு நாள் துடைத்தேன்.

கல்லில் பூசிய பூச்சு காய ஒருநாள் விடச் சொல்லியிருந்தார்கள். விட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்தபோது கணவர் மாவோடு நின்றுகொண்டிருந்தார். எத்தனை பேருக்கு என்று கேட்டேன். ரெண்டு பேருக்குத்தான் என்றார். எண்ணிப் பார்த்தால் நாற்பது உருண்டை இருந்தது. அதற்குக் குறைவாகப் பிசைய அவர் கைக்குத் தெரியவில்லை.

நாற்பதையும் ஒரே மூச்சில் போட விடவில்லை. ஆறு போட்டதும் நிறுத்தி, தோளுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொன்னேன். அரைமணி கழித்து இன்னொரு ஆறு. இப்படிப் பகுதி பகுதியாய் மத்தியானம்வரை போனது. தோளை ஏற்ற வேண்டியிருக்கவில்லை என்றார். நான் அவர் பக்கத்தில் அதே கல்லில் பருப்புக் குழம்புக்கு வெங்காயம் வெட்டினேன். எனக்கும் தோளைத் தூக்காமல் வெட்ட முடிந்தது, கழுத்து வலிக்கவில்லை. கொதிக்கும் குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே கல்லின் மேல் வைத்தபோது இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்தோம். தூக்கிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை.

வரிசையிலிருந்த வீடுகளுக்கெல்லாம் தட்டுத் தட்டாகக் கொடுத்தனுப்பினேன். பக்கத்து வீட்டு அக்கா தட்டைத் திருப்பித் தர வந்தார், அதில் வாழைப்பழ வடை வைத்து. உள்ளே வந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கும் மாற்றவேண்டும், எது நல்லது என்று கேட்டார்.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார். "அஞ்சு வகை இருக்கு," என்று ஆரம்பித்தார்.

நான் சுடச்சுட ஒரு வடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.